கோஸ்தாஸின் பெயர் நாள்

கோஸ்தாஸைப் பார்க்கப் போவதென்று முடிவு செய்தது நான்தான். என் புருஷன் லாம்ப்ரோஸை அவன் போக்கில் விட்டிருந்தால், பூட்டிக் கிடக்கும் எங்கள் உணவகத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இன்னும் கடலை முறைத்துக்கொண்டிருப்பான். பிறகு ஒரு நாள், அறுபது வயதில் ஸ்டுட்கார்ட்டுக்குப் போகிறேன் என்று ஆரம்பித்தான். அங்கே என் தம்பியோடு ஒண்டிக்கொண்டு, ஏதாவது ஒரு சமையலறையில் பாத்திரம் தேய்ப்பானாம். குனிந்தால் நிமிர முடியாத முதுகு, ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாது.

அந்த வாரம்தான் மீன் வண்டிக்கார அரிஸ்திதிஸ் எல்லைக்கு அந்தப் பக்கம், அல்பேனியாவுக்குப் போய்விட்டு வந்தான்.

"அக்கா, உங்க கோஸ்தாஸைப் பார்த்தேன். க்ஸமில்ல நாலு மாடி ஹோட்டல் கட்டியிருக்கான்! வாசல்ல நின்னு கார் சாவியை விரல்ல சுத்திக்கிட்டு இருக்கான். சமையலுக்கு ஆள் இல்லாம திண்டாடுறாங்களாம். இருந்தவன் இத்தாலிக்கு ஓடிட்டானாம்."

"எந்த கோஸ்தாஸ்டா?"

"உங்க கடையில தட்டு கழுவினவன்தான். அந்த அல்பேனியாக்காரன்."

தட்டு கழுவினான் என்று மட்டுமா சொல்வது? அடுப்பைத் தவிர எங்கள் கடையில் அவன் செய்யாத வேலை எது? அவர்கள் நாட்டில் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்து, பையன்கள் கூட்டம் கூட்டமாக மலை தாண்டி வந்த காலத்தில் கிரேக்கக் கரையில் எல்லையை ஒட்டி இருக்கும் எங்கள் சயாதாவுக்கு வந்து சேர்ந்தவன். பத்தொன்பது வயது இருக்கும். காலில் இருந்த செருப்பு ஜோடி கூட இல்லை. பெயர் என்ன என்று லாம்ப்ரோஸ் கேட்டான். அவன் என்னவோ சொன்னான். "அதெல்லாம் என் வாயில நுழையாது. இன்னிக்குப் புனித கோன்ஸ்தந்தினோஸ் நாள். அதைச் சுருக்கி உன் பேர் கோஸ்தாஸ்" என்றான் லாம்ப்ரோஸ். அவ்வளவுதான், பெயர் வைத்தாயிற்று. பதினொரு வருஷம் அந்தப் பெயரில்தான் இருந்தான்.

புனிதரின் நாள் வந்தால் அந்தப் பெயர்க்காரர்களுக்கெல்லாம் பெயர் நாள். அன்றைக்கு அழைப்பில்லாமலே அவர்கள் வீட்டுக்குப் போகலாம். போய் "நூறாண்டு இரு" என்று வாழ்த்த வேண்டியது, அவர்கள் இனிப்பு நீட்ட வேண்டியது. கோஸ்தாஸும் வருஷா வருஷம் தன் கூலியில் ஒரு பெட்டி இனிப்பு வாங்கி மேசை மேசையாக நீட்டுவான். "இன்னிக்கு உன் செலவுடா கோஸ்தா!" என்று குடிக்க வந்தவர்கள் அவன் முதுகில் தட்டுவார்கள். லாம்ப்ரோஸ் தன் பழைய சட்டை ஒன்றைக் கொடுப்பான். எங்களைப் போல நல்ல மனிதர்கள் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு உள்ளூர ஒரு பூரிப்பு.

மே இருபத்தொன்று, கோஸ்தாஸின் பெயர் நாள், அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்தது. எனக்கு சட்டென்று யோசனை ஓடியது. வேலை கேட்டுப் போனால்தானே கௌரவக் குறைச்சல்? வாழ்த்தப் போனால் அது மரியாதை.

லாம்ப்ரோஸிடம் சொன்னபோது குதித்தான். "என் கடையில தட்டு கழுவினவன் வாசல்ல நான் போய் நிக்கணுமா?"

"நிக்காதே, உட்காரு. ஒரு வாய் தின்னுட்டு, 'சமையலுக்கு ஆள் வேணுமாமே'ன்னு பேச்சுவாக்குல கேளு. அவன் நம்ம உப்பைத் தின்னவன், மாட்டேன்னா சொல்லப்போறான்? இல்ல, ஸ்டுட்கார்ட்ல போய்த் தட்டு கழுவறதுதான் உனக்குக் கௌரவமா?"

லாம்ப்ரோஸ் எழுந்து வண்டியைத் துடைக்கப் போனான். நான் ஒரு பெரிய தட்டு நிறைய பக்லாவா இனிப்பு செய்தேன். பாதாம், நெய் எதிலும் கஞ்சத்தனம் பண்ணவில்லை. கோஸ்தாஸ் அளவுக்குப் புதிய சட்டையும் ஒன்று வாங்கினேன்.

எல்லை தாண்டி, புத்ரிந்தில் கால்வாயைக் கடக்க, கம்பி கட்டி இழுக்கும் மிதவையில் காரை ஏற்றி இறக்கி, மத்தியானத்துக்கு க்ஸமில் போய்ச் சேர்ந்தோம். ஹோட்டல் வெள்ளைவெளேரென்று நின்றது. வாசலில் ஜெர்மன் கார்கள், போலந்துக் கார்கள், நடுவில் கதவு ஒட்டுப்போட்ட எங்கள் வண்டி. லாம்ப்ரோஸ் அதைக் கொஞ்சம் தூரத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

வரவேற்பில் இருந்த பெண் நல்ல கிரேக்கம் பேசினாள். "கோஸ்தாஸா? அப்படி யாரும் இங்க வேலை பார்க்கலையே."

"வேலை பார்க்கறவர் இல்லம்மா, உங்க முதலாளி" என்றேன்.

"முதலாளி பேர் பெத்ரித். நீங்க தேடறவரோட முழுப் பேரைச் சொல்லுங்க, விசாரிக்கிறேன்."

நான் லாம்ப்ரோஸைப் பார்த்தேன். லாம்ப்ரோஸ் என்னைப் பார்த்தான். முழுப் பெயரா? பாதிப் பெயரே நாங்கள் வைத்ததுதானே!

அதற்குள் அவனே படியிறங்கி வந்தான். தலை நரைத்து, தோள் அகன்று, நல்ல சட்டை போட்டிருந்தான். ஆனால் அதே நடை. எனக்கு வந்த சந்தோஷத்தில் கூடம் முழுக்க ஆள் இருப்பதே கண்ணில் படவில்லை. இருக்கிற குரலையெல்லாம் எடுத்துக் கத்தினேன்.

"கோஸ்தா! டேய் கோஸ்தா! நூறாண்டு இருடா!"

கூடமே திரும்பிப் பார்த்தது. துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள், மேசை துடைத்தவன், விருந்தாளிகள், எல்லோரும்தான். அவன் கடைசிப் படியில் அப்படியே நின்றான். முகம் சுண்டிப்போனது. அவன் பின்னால் ஒரு பெண் வந்தாள், இருபத்தி இரண்டு வயது இருக்கும், அச்சாக அவன் மூக்கு. அவனுடைய மகள் எந்தெலா. அவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"யாருப்பா கோஸ்தாஸ்?"

அவன் அவளுக்குக் கிரேக்கத்தில் பதில் சொன்னான். எங்கள் காதில் விழ வேண்டுமென்றே அப்படிச் சொன்னான்.

"என்கூட வேலை பார்த்தவன்மா, இவங்க கடையில. இன்னிக்கு அவனுக்குப் பேர் நாள். அவன் செத்துப் போயிட்டான். அவனை நினைச்சுத்தான் என்னைப் பார்க்க வந்திருக்காங்க."

சொல்லிவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தான். கெஞ்சினானா மிரட்டினானா தெரியவில்லை. நான் தட்டைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன். லாம்ப்ரோஸ்தான் "ஆமாம்மா. பாவம் அவன்" என்றான்.

எதற்கு இந்தக் கூத்து என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் விளங்கிவிட்டது. நீளமான மேசை. வேலைக்காரர்கள் எல்லோரும் எங்களோடேயே உட்கார்ந்தார்கள். அறை சுத்தம் செய்கிற பிலிப்பைன்ஸ் பெண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். எந்தெலா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எங்களுக்கு அறிமுகம் செய்தாள். சுட்ட மீன், கீரை அடை, திராட்சைச் சாராயம் எல்லாம் வந்தது. விருந்தாளி என்றால் அவர்களுக்கு உயிர், தட்டு காலியாக விடவில்லை.

"அத்தை, அப்பாதானே உங்க கடையில தலைமைச் சமையல்காரர்? அவர் கை மீன் சூப்புக்கு கோர்ஃபூ தீவுல இருந்தே படகு பிடிச்சு வருவாங்களாமே?"

அடக் கடவுளே! மகளிடம் இப்படியா சொல்லி வைத்திருக்கிறான்! எங்கள் கடையில் அவனை அடுப்புப் பக்கமே விட்டதில்லை. லாம்ப்ரோஸ் முட்கரண்டியைக் கீழே வைத்தான். அவன் வீம்புக்காரன், எதையாவது உளறிவிடுவான் என்று பயந்தேன்.

"வருவாங்கம்மா. உங்கப்பா லீவு போட்டா நான் கடையைப் பூட்டிட வேண்டியதுதான்" என்றான் லாம்ப்ரோஸ்.

எதிரே பெத்ரித்தின் தோள் தளர்ந்தது. இரண்டு பேரும் கோப்பையைத் தூக்கிக் குடித்தார்கள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து லாம்ப்ரோஸ் சொன்ன பொய்களில் அதுதான் நல்ல பொய்.

அதற்குப் பிறகு எல்லாம் வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. நான் பேச்சுவாக்கில் சமையல் வேலையை எடுத்தேன். ஆள் எடுப்பதெல்லாம் எந்தெலாதானாம். அவள் முகம் மலர்ந்தது.

"மாமா, அப்பாவோட முதலாளியே எங்க சமையலறைக்கு வந்தா எங்களுக்கு வேற என்ன வேணும்? திங்கட்கிழமை வந்துடுங்க. முதல் நாள்லயே உங்க பேரைத் தொழிலாளர் காப்பீட்டுல பதிஞ்சுடுவேன். பின்னால அறை இருக்கு, கடல் தெரியும்."

மேசைக்கு அடியில் லாம்ப்ரோஸின் காலை மிதித்தேன். சந்தோஷத்தில்தான். ஸ்டுட்கார்ட் ஒழிந்தது! சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவான். போதுமடா சாமி.

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். எந்தெலா காபி கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவரைப் பத்திச் சொல்லுங்க அத்தை. கோஸ்தாஸ் மாமாவைப் பத்தி. அப்பா அந்தக் காலத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டார். எப்படிச் செத்தார்?"

"பனியில" என்றான் பெத்ரித். "ஊருக்கு மலை வழியா நடந்து வரும்போது."

"ரெண்டு பேரும் ஒரே அறையிலயா இருந்தீங்க?"

"எனக்கு மாடியில அறை. அவன் பதினொரு வருஷமும் சாமான் கொட்டில்ல படுத்தான்."

"குளிராதா?"

"எண்ணெய் டின்னுங்களுக்கு நடுவுல படுத்தா அவ்வளவா தெரியாது." ஒரு கணம் விட்டு, "னு சொல்வான்" என்றான்.

கொட்டிலுக்குக் கதவு கூட ஒழுங்காகச் சாத்தாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் வெங்காயம் எடுக்க தினமும் அங்கே போவேன்.

"உங்ககூடத்தானே அத்தை சாப்பிடுவார்?"

வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். மேசையைச் சுற்றி அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடையில எப்பவும் கூட்டம்மா... பாத்திரம் கழுவுற தொட்டிக்கிட்ட நின்னுக்கிட்டே ஏதாவது சாப்பிடுவான்."

"பதினொரு வருஷமும் கூட்டமா?"

பெத்ரித் சிரித்தான். அவன் ஒருவன்தான் சிரித்தான். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

எந்தெலா கொஞ்சம் யோசித்தாள். "ஆனா கோஸ்தாஸ்னு நம்ம ஆளுங்க பேர் வைக்க மாட்டாங்களே. நிஜப் பேர் என்ன? அவர் வீட்டுல இன்னும் யாராவது வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கப் போறாங்க."

"வீட்டுக்கு நான் சொல்லிட்டேன்" என்றான் பெத்ரித்.

"அப்போ உங்களுக்குப் பேர் தெரியும். என்னப்பா பேரு?"

அவன் கோப்பையைச் சாஸரில் வைத்தான். மெதுவாக லாம்ப்ரோஸின் பக்கம் திரும்பினான்.

"முதலாளியைக் கேளு. கூட வேலை பார்த்த எனக்கே தெரியும்னா, சம்பளம் கொடுத்தவருக்குத் தெரியாமலா போகும்?"

அவள் லாம்ப்ரோஸைப் பார்த்தாள். லாம்ப்ரோஸ் மேசை விரிப்பைப் பார்த்தான். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லித் தொலை, பொய்யாவது சொல்லு என்று நான் மனசுக்குள் அடித்துக்கொண்டேன். அவன் கழுத்து சிவந்துகொண்டே போனது.

"வந்த அன்னிக்குச் சொன்னான்மா" என்றான் கடைசியில். "நான்தான் காதுல வாங்கல. அதுக்கப்புறம் கேக்கவும் இல்ல. காப்பீடு போட்டிருந்தா பேர் தேவைப்பட்டிருக்கும். அதையும் நான் போடல. பேர் தெரியாது."

எந்தெலா கத்தவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அவள் எழுந்து நான் கொண்டு வந்த பக்லாவாத் தட்டைக் கையில் எடுத்தாள். செத்தவர்கள் பேரில் இனிப்புக் கொடுப்பது அவர்கள் வழக்கம். ஒவ்வொருவர் முன்னாலும் போய் நீட்டினாள். ஒவ்வொருவரும் ஒரு துண்டு எடுத்து, "ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும்" என்றார்கள். பிலிப்பைன்ஸ் பெண்களில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

கடைசியில் தட்டு அவள் அப்பாவிடம் வந்தது. அவர் ஒரு துண்டை எடுத்தார். அவசரப்படாமல், பாகு சட்டையில் சிந்தாமல் முழுவதையும் மென்று தின்றார்.

"ஆண்டவன் அவனை மன்னிக்கட்டும்" என்றார்.

எங்களுக்கும் நீட்டினாள். எடுத்தோம். தின்றோம்.

"சமையல் வேலையைப் பத்தி யோசிச்சுச் சொல்றேன் ஐயா" என்றாள் எந்தெலா. மாமா போய் ஐயா ஆகிவிட்டிருந்தது. யோசிப்பதற்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அந்த இடத்தில் எனக்கு எரிச்சல் தலைக்கேறியது, உண்மையைச் சொல்கிறேன். எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு இந்த மனுஷன் உட்கார்ந்து இனிப்புத் தின்கிறாரே! 'செத்தவனும் இல்லை, ஒன்றும் இல்லை, இதோ உட்கார்ந்திருக்கிறான் பார் உன் கோஸ்தாஸ்' என்று போட்டு உடைத்துவிடலாமா என்று நாக்கு துடித்தது. வாயைக்கூடத் திறந்துவிட்டேன். சொல்லி என்ன ஆகும்? செத்துப்போன ஒருவனின் பெயரைத் தெரியாதவர்கள் என்பது போய், பதினொரு வருஷம் கண்ணெதிரே உயிரோடு நடமாடியவனின் பெயரைத் தெரியாதவர்கள் என்று ஆவோம். வாயை மூடிக்கொண்டேன். புதுச் சட்டை இருந்த பையை மடியிலிருந்து எடுத்து நாற்காலிக்குக் கீழே தள்ளினேன்.

பெத்ரித் எங்களை வழியனுப்ப மரம் வரைக்கும் வந்தார். மகள் கூட வரவில்லை. சுற்றி யாரும் இல்லாததும் அவர் குரலே மாறிப்போனது.

"முதலாளி, ஹிமாராவுல தெரிஞ்ச ஹோட்டல் இருக்கு. சொல்லி வைக்கவா?"

யாரும் கேட்காதபோது இன்னும் முதலாளியாம். லாம்ப்ரோஸுக்கு அது அடி மாதிரி விழுந்தது. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

எனக்கு அந்த ரோஷம் கட்டுப்படியாகாது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவருக்கு முதுகு முடியலப்பா. வேலை இல்லேன்னா ஸ்டுட்கார்ட் போயிடுவார், போனா திரும்ப மாட்டார். உன் பொண்ணுகிட்ட நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பா. தொட்டிக்கிட்ட நின்னு தட்டு கழுவட்டும், பரவாயில்ல. இங்கயே இருக்கட்டும்."

"கேப்பாம்மா. நான் சொன்னா எந்தெலா கேப்பா." அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "ஆனா நான் சொல்ல மாட்டேன். இன்னிக்கு நீங்க கூப்பிட்டீங்க பாருங்க, அந்தப் படியில... என் காலு தானா ஓடி வரப் பார்த்துச்சு. இத்தனை வருஷம் கழிச்சு, என் சொந்த ஹோட்டல்ல! முதலாளி தினமும் என் சமையலறையில நின்னா, நான் தினமும் அப்படி ஆயிடுவேன். என்னால முடியாது."

"கோஸ்தான்னு கூப்பிட மாட்டோம். சத்தியமா கூப்பிட மாட்டோம்." அழுகையில் எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. "இனிமே பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். பெத்ரித்... பெத்ரித் தம்பி..."

அவர் முகத்தை நான் மறக்க முடியாது. அடித்தால் கூட மனிதன் அப்படி முகத்தைத் திருப்ப மாட்டான்.

"அதைச் சொல்லாதீங்கம்மா" என்றார். "வேலைக்காகச் சொல்றீங்க. அது எங்கம்மா வச்ச பேரு."

என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, எனக்காகக் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். ஏறினேன். லாம்ப்ரோஸ் வண்டியை எடுத்தான். அன்று மிதவையில் கூட்டம் இல்லை, உடனே கிடைத்தது. ஜூன் முதல் வாரம் லாம்ப்ரோஸை ஸ்டுட்கார்ட் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.